ரெஜினின் உயரம்

கேமராத் திரையில் பென்சில் கோடுகள் அதிகமாக இருந்தன.

எல்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உள்ளறை நிலைக்காலில் ஆறு கோடுகள்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிறந்த நாளிலும் மகன் ரெஜினை நிறுத்தி, தலையில் ஸ்கேலை வைத்து அவளே போட்டவை. ஏழாவதைப் போட அவன் இல்லை. புதாற்றுப் படித்துறையில் வழுக்கியவனை இரண்டு நாள் கழித்துத்தான் கரையேற்றினார்கள். அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனவள், பதினோரு வருடம் கழித்து, இடிப்பதற்குமுன் படமெடுத்து வைத்துக்கொள்ள இன்றுதான் மானம்புச்சாவடிக்கு வந்திருக்கிறாள்.

"அக்கா, காலையில ஜேசிபி வந்துடும். இருட்டுறதுக்குள்ள முடிச்சுட்டு வந்துடுங்க." வாசலிலிருந்து குரல் கொடுத்தான் இடிக்கும் வேலையை எடுத்திருக்கும் பிரபு.

"ஒரு ரூம்தாம்ப்பா பாக்கி."

ஜன்னல்களைப் பெயர்த்தெடுத்த ஓட்டைகள் வழியே மாலை வெயில் சாய்ந்து விழ, தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள் பகலெல்லாம் குடித்த சூட்டை மெல்ல விட்டுக்கொண்டிருக்க, வௌவால் எச்சத்தின் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை நடைவழி முழுக்கப் படிந்திருந்தது. ஆற்று வண்டலின் வாசனை. அவள் மூக்கைவிட்டு ஒருநாளும் போகாதது.

நிலைக்காலருகே போனாள். ஆறாவது கோட்டுக்கு மேலே, குழந்தைக் கையெழுத்தில், 7. அதற்கு மேல் 8. எழுத்து வருடத்துக்கு வருடம் திருந்தியிருந்தது. கோடுகள் மட்டும் கடைசிவரை கோணல். ஸ்கேல் பிடிக்க ஆளில்லை.

பூட்டிய வீட்டில். தனியாக. பத்துப் பிறந்த நாள்.

பதினாறாவது கோடு அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. பதினேழு இல்லை.

இன்று என்ன தேதி?

கேமரா கையிலிருந்து நழுவியது. எப்படி மறந்தாள்?

பின்னால் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. நின்றது.

"அம்மா."

உடைந்த குரல். அவள் கேட்டேயிராத, வளர்ந்த பிள்ளையின் குரல்.

"இந்தத் தடவ நீ அளந்துடும்மா. நாளைக்கு நான் எங்க போறது?"

ஓடவில்லை. கண்களை இறுக மூடித் திரும்பினாள். பழகிய உயரத்துக்கு, இடுப்பளவுக்கு, கையை நீட்டினாள். வெறும் காற்று. அழுதுகொண்டே கையை உயர்த்தினாள். நெஞ்சுவரை. முகம்வரை.

தன் தலைக்கும் மேலே, விரல்களில் நனைந்த முடி தட்டியது. மணலோடு.