திருத்தம் வராத கொக்கு

போன் அடித்தது.

லைப்ரரி அம்மாவால் எடுக்க முடியவில்லை. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம். போன் மேஜையின் அந்த ஓரத்தில் கிடந்தது, அவள் கட்டிலின் இந்த ஓரத்தில் கிடந்தாள். நடுவே மூன்றே அடி.

ஊன்றுகோலின் வளைந்த பிடியைப் போட்டு அதை இழுப்பதற்குள் பத்து முறை அடித்துவிட்டது.

"அக்கா..." தங்கை புருஷனின் குரல். "சின்னவ... மொட்டை மாடியிலேர்ந்து விழுந்துட்டாக்கா..."

"எந்த ஆஸ்பத்திரி?"

அழுகைதான் வந்தது.

மணி பதினொன்று பத்து.

மாலை நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. காலையில் துவைத்துப் போட்ட யூனிபார்மின் தோளில் ஒரு காக்கை தன் கைவரிசையைக் காட்டியிருந்தது. அந்தக் கோபம் இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது.

"வீட்ல வேற யாரும் இல்லையாம்மா?"

"வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். பாடியை வாங்கணும்ல. என்னால... கூடப் பொறந்தவளை ஒரு தடவை போய்ப் பாக்கக்கூட முடியல மேடம்."

முப்பது வருஷம் நூலகத்தில் இருந்தவள். ரிட்டையராகி மூன்று வருஷம் ஆகியும் தெருவுக்கே அவள் லைப்ரரி அம்மாதான். அதட்டிப் பேசத் தெரியாது. அழுவதுகூட வாசகர்களுக்குத் தொந்தரவு இல்லாத மாதிரிதான்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேரா விஷயத்துக்கு வரேன். உங்க தங்கச்சி தவறி விழல. அந்த மாடிக் கைப்பிடிச் சுவர் என் கழுத்து வரைக்கும் இருக்கு. துணி காயப்போடப் போனவங்க அதைத் தாண்டி விழுறதுக்குச் சான்ஸே இல்ல. யாரோ தூக்கிப் போட்டிருக்காங்க. பத்தரை மணிக்கு."

லைப்ரரி அம்மாவின் கை போர்வையைப் பிடித்துக்கொண்டது.

"யாரு?"

"இந்த மாதிரிக் கேஸ்ல முதல்ல புருஷனைத்தான் பாப்போம். ஆனா அவர் பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் தன்னோட கண்ணாடிக் கடைப் பின்ரூம்ல உக்காந்து உங்ககூட கம்ப்யூட்டர்ல பறவை பாத்துக்கிட்டு இருந்தாராம். நெஜமா?"

"நெஜந்தான் மேடம். தினமும் அப்படித்தான்."

"தினமும்... பறவை..." இன்ஸ்பெக்டரின் பார்வை தன் தோளுக்குப் போய் வந்தது. "அதுல பாக்க என்னம்மா இருக்கு?"

லைப்ரரி அம்மா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

உலகம் முழுக்கக் கேமராக்கள். பாறை உச்சியில் ஒரு கழுகுக் கூடு. ஒரு பனிக் கரையில் பென்குயின் கூட்டம். காட்டு நடுவே பழம் வைத்த தட்டு. எங்கேயோ ஒரு சதுப்பு ஏரி. ஒவ்வொன்றும் இருபத்து நாலு மணி நேரமும் நேரடியாக ஓடுகிறது. தங்கை புருஷன்தான் இதை அவளுக்குப் பழக்கினான். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து ஒரே கேமராவைப் பார்ப்பார்கள். என்ன பறவை வந்தது என்று திரையின் ஓரத்துச் சாட்டில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள். அவள் அதை நோட்டிலும் குறித்து வைப்பாள். எந்த மலை, எந்தச் சரிவு, கூடு எந்தப் பக்கம்... நூலகப் புத்தி.

"இன்னிக்கு ஏரி கேமரா. பத்து மணியிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் முப்பத்தோரு வரி எழுதியிருக்கார். அவர் அங்கே எப்படிப் போயிருக்க முடியும்?"

"அதைத்தான் எழுதிக் கொண்டு வந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தைக் கட்டிலில் வைத்தாள். வாக்குமூலம். கீழே கையெழுத்துப் போடக் கோடு.

"நீங்க போட்டா அவர் வெளியே. நான் வேற ஆளைத் தேடணும். எதுக்கும் ஒரு தடவை அந்த முப்பத்தோரு வரியையும் வாசிச்சுக் காட்டிடுங்க. ரெக்கார்டுக்கு."

லைப்ரரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"பத்து மூணு. நான்... 'அரிவாள் மூக்கன் நாலு.' அவர்... 'ஆமாம் அக்கா, நாலு.'

"பத்து பதினஞ்சு. நான்... 'மீன்கொத்தி.' அவர்... 'அழகு.'

"பத்து இருபத்தேழு. நான்... 'சின்னக்கொக்கு ஒண்ணு எறங்கியிருக்கு.' அவர்... 'ஆமாம் அக்கா, சின்னக்கொக்குதான்...'"

குரல் நின்றது.

இன்ஸ்பெக்டர் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். "மெதுவாம்மா. அழணும்னா அழுதுடுங்க."

லைப்ரரி அம்மா அழவில்லை. கேமராவின் பழைய பதிவைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி நேரப் பதிவு அதிலேயே இருக்கும். பத்து இருபத்தேழு... ஏரிக் கரையில் வெள்ளையாக ஒரு கொக்கு இறங்கியது.

"மேடம், அந்த அலகு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"சின்னக்கொக்குக்கு அலகு கறுப்பு. மஞ்சள் அலகு இருந்தா உண்ணிக்கொக்கு. நான் அவசரத்துல தப்பா எழுதிட்டேன்."

"அதனால என்ன? நான் எல்லாத்தையுமே கொக்குன்னுதான் சொல்வேன்."

"அவர் திருத்தலையே மேடம்."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை.

"எங்க குடும்பத்துல அவருக்குப் பேரே திருத்தம் மாப்பிள்ளை. நான் எழுதி முடிக்கறதுக்குள்ள 'திருத்தம்'னு போட்டு அடுத்த வரி வந்துடும். சேவலைப் பெட்டைன்னு எழுதினா திருத்தம். குஞ்சைப் பெரிசுன்னு எழுதினா திருத்தம். எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வெச்சு, 'அக்கா, நேத்து நீங்க பருந்துன்னு எழுதினது வல்லூறு'ன்னு சொன்ன மனுஷன். மூணு வருஷத்துல ஒரே ஒரு தப்பைக்கூட விட்டதில்ல. இன்னிக்கு முப்பத்தோரு வரி... ஒரு திருத்தம்கூட இல்ல."

"ஏம்மா, ஒரு கொக்கோட மூக்கை வெச்சு நான் ஒரு ஆளை உள்ள தள்ள முடியுமா? கோர்ட்ல சிரிப்பாங்க."

"அப்போ நான் கையெழுத்துப் போடணுமா?"

இன்ஸ்பெக்டர் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

லைப்ரரி அம்மா பேனாவை எடுத்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கையெழுத்துப் போட்டால் தங்கையைக் கொன்றவன் அவள் கையெழுத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விடுவான். போடாமல் விட்டு, அவன் நிரபராதியாக இருந்துவிட்டால்? பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் தலையில் பழியையும் ஏற்றி வைத்த பாவம்.

"போனைக் கொடுங்க மேடம். நீங்க பேசக் கூடாது. கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க."

ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அக்கா... சாப்பிட்டீங்களா?"

"எங்க இறங்குது மாப்பிள்ளை... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாட்டி எனக்கு மனசு ஆறாது."

"சொல்லுங்கக்கா."

"காலையில பத்தரை இருக்கும். ஏரியில வலது ஓரம், நாணலுக்குப் பின்னாடி... ஷூபில் வந்துச்சு."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றது.

வாசகருக்கு ஒரு வார்த்தை. ஷூபில் என்பது ஆள் இடுப்பு உயரத்துக்கும் மேல் நிற்கும் ஒரு சாம்பல் பறவை. பழைய பூட்ஸை முகத்தில் கவிழ்த்த மாதிரி அலகு. அதற்காகவே இரண்டு பேரும் மூன்று வருஷமாக அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளும் வந்ததில்லை.

இன்றைக்கும் வரவில்லை.

"நாலே செகண்ட் மாப்பிள்ளை. கை நடுங்கி எழுதவே இல்ல. சின்னவளுக்கு உயிர் போன நேரம் அது... அவதான் வந்து என்னைப் பாத்துட்டுப் போனாளோன்னு... நீங்க பாத்தீங்களா, இல்ல எனக்குத்தான் பிரமையா?"

அவன் முன்னால் இரண்டு வழி இருந்தது. 'இல்லை அக்கா, அப்போது எழுந்து போயிருந்தேன்' என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். பறவை பார்க்கிறவன் எவனாவது அப்படிச் சொல்வானா? மூன்று வருஷத் தவம். அக்கா பார்த்தாள், நான் தவறவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவான்.

"பாத்தேன்கா."

லைப்ரரி அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க எழுதுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். தலையை இடது பக்கமாத் திருப்பிச்சுல்ல... நல்லா வளர்ந்ததுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. இல்லக்கா. நிறம் கொஞ்சம் பழுப்பு அடிச்சுது. இளசு."

வராத பறவைக்கும் திருத்தம்!

"சரி மாப்பிள்ளை." அவள் குரல் பிசிறவில்லை. "வெச்சுடறேன்."

இன்ஸ்பெக்டர் பத்து இருபதிலிருந்து பத்து நாற்பது வரை பதிவை ஓட்டிப் பார்த்தாள். கொக்கு நின்றது. இரண்டு வாத்து நீந்தின. நாணல் ஆடியது. அவ்வளவுதான். அவள் தன் போனை எடுத்தாள்.

"எஸ்.ஐ., அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் உங்க பக்கத்துலதானே இருக்காரு? ஜீப்ல ஏத்துங்க. போற வழியில, பத்தரை மணிக்குப் பாத்த பறவை வீடியோவில ஏன் இல்லன்னு கேளுங்க. சத்தம் போடாம கேளுங்க, போதும்."

இருபது நிமிஷத்தில் எஸ்.ஐ. திரும்பக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் கேட்டாள். போனை வைத்துவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மேடம். நான் தாங்கிப்பேன்."

"ஒத்துக்கிட்டான். அரிய பறவைக் கூடு எங்கே இருக்குன்னு வேட்டைக்காரங்களுக்கு வித்திருக்கான். முட்டை, குஞ்சு எல்லாத்துக்கும் வாங்க ஆள் இருக்காம். உங்க தங்கச்சி நேத்தே அவன் போனைப் பாத்துட்டாங்க. 'அக்காகிட்ட சொல்லப் போறேன்'னு காலையில மாடிக்குப் போனைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அவன் கடைப் பின்வாசல் வழியா வீட்டுக்கு வந்து..." நிறுத்தினாள். "அவன் வித்ததெல்லாம் உங்க நோட்டுப் பக்கங்கள்தாம்மா."

லைப்ரரி அம்மா தலையணைக்கடியில் இருந்த நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கமும் கிழியவில்லை.

"கழுகுக் கூட்டுல முட்டை ரெண்டும் காணாமப் போச்சுன்னு நான் மூணு நாள் சாப்பிடல மேடம். நானே வழி காட்டியிருக்கேன்." நோட்டை மூடினாள். "அப்போ அந்த முப்பத்தோரு வரியை எழுதினது யாரு?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறான்."

வாசல் கேட் திறந்தது.

கணவர் வந்தார். கட்டடங்களுக்கு ப்ளான் வரைகிறவர். மாடி அறைதான் ஆபீஸ். கண் சிவந்திருந்தது. இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவி... வீட்டுக்குள்ளயே பாம்பு வளர்ந்திருக்கே..." மனைவியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "நான் இருக்கேன்மா. நீ தைரியமா இரு."

அவள் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு அழுதாள். முப்பது வருஷத்து நிசப்தமும் சேர்ந்து வந்தது.

இன்ஸ்பெக்டரின் போன் மறுபடி அடித்தது.

"சொல்லுங்க... மத்தியானம் கேட்டு வெச்சேனே, அதுவா? அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் பேர்ல வந்த மெசேஜ் எந்த இன்டர்நெட் இணைப்புலேர்ந்து போயிருக்கு? ... எங்கே? ... அட்ரஸை இன்னொரு தடவை சொல்லுங்க."

அட்ரஸைத் தானும் திரும்பச் சொன்னாள். வாய்விட்டு. நிதானமாக.

கதவு எண் பதினாலு. அவள் உட்கார்ந்திருந்த வீடு!

தோளில் இருந்த கை மெல்ல விலகியது.

"சார், காலையில பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எங்கே இருந்தீங்க?"

"மாடியில... ப்ளான்..."

"என்ன ப்ளான்னு தெரியுது. எழுந்திருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"அவன் ஒரு மணி நேரம் தன் பேர்ல எழுதிக்கிட்டு இருங்கன்னுதான் சொன்னான். சின்னவகிட்ட பேசிப் பாக்கறேன், அவ சமாதானமாப் போயிடுவான்னுதான் சொன்னான். அவளுக்கு இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நோட்டை போட்டோ எடுத்தேன்... மலையையும் நிழலையும் வெச்சு இடத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தேன்... அவ்வளவுதான்..."

"அவ்வளவுதானா?" அவள் கேட்டாள். "நான் மூணு நாள் சாப்பிடாம கிடந்தப்போ தட்டைக் கொண்டுவந்து ஊட்டிவிட்டது நீங்கதானே. முட்டையை வித்துட்டு வந்து எப்படிங்க ஊட்ட முடிஞ்சுது? பதினொண்ணேகாலுக்கு நான் கூப்பிட்டப்போ மாடியிலேர்ந்து ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டீங்களே. கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். கட்டிலில் கிடந்த வாக்குமூலத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். சகலைக்குச் சகலை துணை. இனி ஒரே வண்டியில் கோர்ட்டுக்குப் போய் வரலாம்.

வாசல்படியில் அவர் ஒரு முறை நின்று திரும்பினார். முப்பத்து மூன்று வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"ஆறு மணி மாத்திரை... நீல டப்பாவில இருக்கு. மறந்துடாதே."

லைப்ரரி அம்மா ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக யார் கையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

"நான் பாத்துக்கறேன். நீங்க நேரத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க... அங்க சாப்பாட்டுக்கு மணி அடிச்சே கூப்பிடுவாங்களாம்."