கைப்பிடிக்கு அடியில் இருந்த எண்

"வாங்க மேடம், வாங்க. ரிப்போர்ட்டை நானே டைப் பண்ணி வெச்சிட்டேன். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி," என்றார் கதவைத் திறந்த அந்த வீட்டு அண்ணன்.

"துப்பாக்கியை நான் இன்னும் பார்க்கவே இல்லையே சார்."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற தங்கை பக்கென்று சிரித்துவிட்டாள். "நான் சொன்னேன்ல அண்ணா? இவங்களுக்கு ஆபீஸ்ல பூதக்கண்ணாடின்னு பேராம். உன் பருப்பு வேகாது."

"நீ சும்மா இரு."

பூதக்கண்ணாடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பார்த்து, எந்த நிலையில் இருக்கிறது, யார் கையில் இருந்தது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. மியூசியம் அனுப்பியிருந்தது. விஷயம் சின்னதுதான். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு போரில், படை பின்வாங்கியபோது, ஒரே ஓர் ஆள் பாலத்தில் நின்று கடைசிவரை சுட்டான். மறுநாள் பாலத்தடிச் சேற்றில் ஒரு ரிவால்வர் மட்டும் கிடைத்தது. "அது என்னுது. நின்னது நான்தான். சார்ஜென்ட் ஓடிட்டான்," என்று உயிரோடு திரும்பிய கேப்டன் சொன்னார். சார்ஜென்ட் திரும்பவே இல்லை. கேப்டனுக்குப் பதக்கம், சார்ஜென்ட்டுக்கு ஓடிப்போனவன் என்ற பட்டம்.

கேப்டன் இந்த வீட்டுத் தாத்தா; செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. சார்ஜென்ட்டின் மகள் போன வாரம் பூதக்கண்ணாடியின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "நான் போறதுக்குள்ள, ஓடிப்போனவன் மகள்ங்கிற பேரு போயிடணும்மா. உண்மையிலயே அவர் ஓடியிருந்தா அதையும் சொல்லிடு. தாங்கிக்கிறேன்."

தாத்தாவின் அறை வெளிச்சமாகத்தான் இருந்தது. மதியம் மூன்று மணி வெயில் ஜன்னல் வழியே மேசைமேல் விழுந்தது. ஆனாலும் உள்ளே காலை வைத்ததும் ஆற்றுச் சேற்று வாடை வந்தது. ஈரக் கம்பளியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு நாற்றம் அதோடு கலந்திருந்தது.

"பக்கத்துல ஆறு இருக்கா?"

"இல்லையே," என்றாள் தங்கை. அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

பூதக்கண்ணாடி கையுறை மாட்டினாள். முதல் வேலை, சிலிண்டரைத் திறந்து ஆறு தோட்டா அறையும் காலி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. காலி. குழலுக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே துருக்குழி, தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் பாதி தேய்ந்திருந்தது. விசை சரி. குதிரை, அதாவது பின்னாலிருந்து தோட்டாவைத் தட்டும் பாகம், இறுக்கமாக இருந்தது. எல்லாம் அந்தக் காலத்துச் சரக்குதான். கைப்பிடியின் முதுகில் லென்ஸை வைத்ததும்தான் நின்றாள். யாருக்குக் கொடுத்தார்களோ அவருடைய எண்ணைப் பொறிக்கும் இடம் அது. அங்கே கண்ணாடி மாதிரி வழவழப்பு. எண்ணே இல்லை.

"இதை யார் இப்படித் தேய்ச்சது?"

"நாங்கதான். வருஷா வருஷம் செங்கல் பொடி போட்டு. தாத்தா உத்தரவு," என்றார் அண்ணன் பெருமையாக. "மத்த இடம் எப்படியோ போகட்டும், அந்த முதுகு மட்டும் பளபளன்னு இருக்கணும்பார்."

"அப்படியா சொன்னார்?"

பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"கழட்டாதீங்க மேடம்!"

"கைப்பிடி மரம் மட்டும்தான் சார். அதுக்கு அடியிலயும் அதே நம்பரை அடிப்பாங்க. தேய்க்கிறவங்க கை அங்க போகாது."

திருகாணி கழன்றது. மரத்தட்டை எடுத்தாள். சேற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

அறுபது வருஷமாக ஆற்றையே பார்க்காத இரும்பிலிருந்து.

டார்ச் வெளிச்சத்தில் எண் பளிச்சென்று தெரிந்தது. 679. மியூசியம் கொடுத்த தாளில் கேப்டன் எண் 214. 679, சார்ஜென்ட்.

பேனாவை எடுத்துத் தன் ரிப்போர்ட் தாளில் எழுதினாள். 679.

அவளுக்குப் பின்னால் ஈரப் பூட்ஸ் ஒன்று தரையில் பதிந்தது.

திரும்பினாள். அண்ணனும் தங்கையும் வாசலில் நின்றார்கள். இருவரும் வெறுங்கால்.

தாளைப் பார்த்தாள். 214.

அவளுடைய கையெழுத்தேதான். நாலின் வால் அவள் இழுக்கிற மாதிரியே இழுத்திருந்தது.

அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். அறுநூற்று எழுபத்தொன்பது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் மை நெளிந்தது. 214.

"மேடம்," அண்ணன் குரல் கிசுகிசுத்தது. "தாத்தா சொல்றதையே எழுதிடுங்க. எங்க அப்பா ஒரு தடவை மறுத்துப் பேசினார். அதுக்கப்புறம் அவர் பேசவே இல்ல."

டிக்.

சிலிண்டர் தானாக ஓர் அறை நகர்ந்தது.

டிக்.

மேசைமேல் துப்பாக்கி மெதுவாகத் திரும்பியது. குழல் அவள் மார்பைப் பார்த்து நின்றது. அவள் கண்ணாலேயே காலி என்று பார்த்த அறைகளில் இப்போது மங்கலாகத் தோட்டாவின் ஈயம் தெரிந்தது. குதிரை யாரோ கட்டைவிரலால் இழுப்பதுபோல நிதானமாக, முழுதாகப் பின்னால் போனது. காதருகே சேற்று மூச்சு.

"எழுது."

அவளுக்குக் கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ் கேப்டன்," என்றாள். "நான் எழுதினாத்தானே மாத்துவீங்க? நான் எழுதலை. அந்த இரும்பே எழுதட்டும்."

பேனாவைத் தூக்கிப் போட்டாள். குழலுக்கு நேராகவே கையை நீட்டித் துப்பாக்கியைப் பிடித்தாள். பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. மெல்லிய தாளைக் கைப்பிடி இரும்பின்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தாள். தாள் கறுத்தது. கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஆறு வந்தது. ஏழு வந்தது.

"மையை மாத்தலாம். இரும்புல அடிச்சதை மாத்துங்க பார்ப்போம்!"

ஒன்பது வந்தது.

குதிரை அடித்தது.

தங்கை அலறினாள். குழலிலிருந்து குபுக்கென்று கறுப்புச் சேறு வழிந்து பூதக்கண்ணாடியின் கையை நனைத்தது. அவ்வளவுதான். தாளில் 679 அப்படியே நின்றது.

"சாட்சிக் கையெழுத்து வேணும்," என்றாள் மூச்சு வாங்க.

அண்ணன் இரண்டடி பின்வாங்கினார். தங்கை அந்த வாசற்படியை ஒரே தாண்டாகத் தாண்டி வந்தாள்.

"ஏய், நம்ம குடும்ப மானம்டி!"

"அறுபது வருஷமா செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சோமே, அதுவா அண்ணா மானம்? குடுங்க மேடம்." எழுத்து கோணலாகப் போக, கையெழுத்துப் போட்டாள். எங்கோ மாடியில் ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது. "சாத்திக்கோ தாத்தா," என்றாள் அவள், மேலே பார்க்காமல்.

வெளியே வெயில் கொஞ்சம்கூடக் குறையவில்லை. பூதக்கண்ணாடி காரில் ஏறி, ரிப்போர்ட் இருந்த பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மியூசியத்துக்கு நாளைக்குப் போகலாம். முதலில் அந்த அம்மா வீடு.

தெருமுனை திரும்பும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிங், டிங், டிங். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்றது கார்.

சீட் காலி. ஆனால் குஷன் அமுங்கியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் காரை நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"வர்றதுன்னா வாங்க கேப்டன். ஆத்துல இறங்கி ஓடினது யாருன்னு அந்த அம்மா முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்க. ஆனா என் வண்டியில ஏறினா பெல்ட் போட்டுத்தான் ஆகணும்."

கொஞ்ச நேரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பெல்ட் மெல்ல இழுபட்டு, ஆளில்லாத மார்புக்குக் குறுக்கே விறைப்பாக வந்து, கிளிக்கென்று பூட்டிக்கொண்டது.