“ஓம், நீங்கள் சொல்றது சரி”

மனைவி அனஸ்ரேசியா மறுத்துக் கதைக்கவில்லை. யூலியனுக்கு முதலில் அது உறைக்கவே இல்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும்போலத் தன் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வழக்கமான படம்தான். எதிர்காலத்து நகரம். யார் யாரைக் காதலிக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்கிறது. எல்லோருக்கும் ஒரே சாம்பல் சட்டை. ஒருத்தனும் ஒருத்தியும் களவாகக் கை கோத்ததும் மனிதத்தன்மை பொத்துக்கொண்டு வருகிறது. கடைசியில் காட்டுக்குள் ஓடுகிறார்கள்.

“கையைப் பிடிச்சவுடனை மனிசராகிடுவினமாம்,” என்றான். “காட்டுக்கை ஓடி என்னத்தைத் தின்னப் போயினம்? மொக்குச் சனம் மொக்குச் சனத்துக்கு எடுத்த படம்.”

இந்த இடத்தில் அவள் சீற வேண்டும். முதியோர் இல்லத்தில் வாரம் முழுக்க மற்றவர்களைத் தூக்கி இருத்திக் களைத்து வருகிறவள். இப்படியான படங்களுக்கென்றே கண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பவள். “உங்கடை நெஞ்சு கல்லப்பா” என்பாள். அவன் சிரிப்பான். சண்டை வளரும். அவன்தான் வெல்வான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளின் ருசியே அதுதான்.

“ஓம், நீங்கள் சொல்றது சரி,” என்றாள் அனஸ்ரேசியா.

மகள் நோரா சோபாவின் மற்ற மூலையிலிருந்து, “எனி, அப்பா,” என்றாள். வகுப்பில் பிள்ளைகள் கையை உயர்த்தி ‘எனக்கும் அதே கருத்து’ என்பதற்குச் சொல்லும் நோர்வே வார்த்தை. பன்னிரண்டு வயதில் அவனோடு எதிலும் ஒத்துப்போகாத பிள்ளை.

ஒருவழியாக இவர்களுக்கும் மூளை வந்துவிட்டது என்று நினைத்தான். அந்த நினைப்பு இனிப்பாகக்கூட இருந்தது. வெளியே மூன்றரை மணிக்கே இருட்டி, அம்மருட் குடியிருப்பின் உயரமான கட்டடங்கள் வெறும் யன்னல் வெளிச்சங்களாக மிஞ்சியிருந்தன. கீழே வாகனத் தரிப்பிடத்தில் பனி வழிக்கும் வண்டி தரையைச் சுரண்டும் சத்தம் சுவர் வழியாக ஏறி வந்தது. குசினியில் மீன்குழம்பு கொதித்து, புளியும் வெந்தய வாசமும் வீடு முழுக்க நின்றது. அனஸ்ரேசியா எழும்பப் பார்த்தாள்.

“கொஞ்சம் இரு. நான் கதைச்சு முடியேல்லை.”

அவள் இருந்தாள்.

அவன் நாயகியின் நடிப்பைக் கிழித்தான். ஓம். இசையைக் கிழித்தான். ஓம். இருவரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. வாயைப் பார்த்தார்கள். அடுத்து என்ன வரும் என்று, உதடுகளை மட்டும்.

“சரி, பகிடி காணும்,” என்றான். “உண்மையிலை அது நல்ல படம். நான் சும்மா சொன்னனான்.”

“ஓம், நல்ல படம்.”

“இல்லை, குப்பை.”

“ஓம், குப்பை.”

ஒரே குரல். ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. இது அவர்கள் போட்ட நாடகம், தன்னைப் பழிவாங்கும் மலிவான நாடகம் என்று தனக்குள் இகழ்ந்துகொண்டான். தொலைபேசியை எடுத்து லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் மனைவியின் அண்ணன் சூசைரட்ணத்தை அழைத்தான். அவன் எது சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்லவே பிறந்த மனிதர்.

“மச்சான், உங்கடை தங்கச்சிக்கு விசர் பிடிச்சிட்டுது.”

மறுமுனையில் மூச்சு கேட்டது. பிறகு, ஆறுதலாக, “ஓம். நீங்கள் சொல்றது சரி.”

அதே குரல்.

தொலைபேசியை வைத்தபோதுதான் கருகல் மணம் மூக்கில் ஏறியது. குசினி வாசலில் புகை. அனஸ்ரேசியாவின் மூக்கிலும் அது ஏறியிருக்க வேண்டும். கண்களில் நீர் கோத்திருந்தது. அவள் அசையவில்லை.

“சட்டி எரியுதெல்லோ! ஏன் எழும்பேல்லை?”

“நீங்கள் இருக்கச் சொன்னனீங்கள்.”

அவனே ஓடினான். அடுப்பை அணைத்தான். புகை எச்சரிக்கைக் கருவி அலறியது, நின்றது. இருமிக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போனான். ஒன்பதாம் மாடிக் குளிர் முகத்தில் அறைந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, இருவரும் பின்னால் வந்து நிற்கிறார்கள்.

பயப்படுவது மொக்குச் சனத்தின் வேலை. அவன் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. வாயில் எப்போதும் தயாராக இருக்கும் அந்த இளக்காரத்தைத்தான் இப்போதும் பிடித்துக்கொண்டான்.

“உங்கள் ரெண்டு பேரோடையும் இருக்கிறதை விட இதாலை குதிக்கிறது நல்லம்.”

கீழே பனி வழிக்கும் வண்டிகூட நின்றிருந்தது.

“ஓம்,” என்றாள் அனஸ்ரேசியா. “நீங்கள் சொல்றது சரி.”

நோரா உள்ளே போனாள். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைத் தூக்கி வந்தாள். பல்கனிக் கம்பிக்கருகில் வைத்தாள். வெறுங்கையால் கதிரையில் விழுந்த பனியைத் துடைத்தாள்.

“பிள்ளை... நான் பகிடிக்குச் சொன்னனான்.”

“ஓம், பகிடி,” என்றாள் நோரா.

“அனா. கதிரையை உள்ளை கொண்டு போ.”

“ஓம்.”

வாய் மட்டும்தான் சொன்னது; அவள் கொண்டு போகவில்லை. வீட்டு உடுப்போடு பனியில் முழங்காலிட்டு, கதிரையின் ஒரு காலைப் பிடித்தாள். இன்னொரு காலை நோரா பிடித்தாள்.

“எனக்கு வேண்டாம்.”

“ஓம், வேண்டாம்.”

“அனா. தயவு செய்து. மாட்டன் எண்டு சொல்லு. ஒருக்கால். மாட்டன் எண்டு.”

“மாட்டன்,” என்றாள் அவள், புன்னகையோடு.

கை விடவில்லை. கதவு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. இருவரும் அண்ணாந்து அவன் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். தலைமயிரில் பனி விழுந்துகொண்டிருந்தது. யாரும் தட்டிவிடவில்லை. விரல்கள் வெளிறி, பிறகு நீலமாயின.

கதிரை கொஞ்சமும் ஆடவில்லை.