செதில் என்று சொன்ன பொய்

"அத்த... இங்க வந்து பாருங்க! கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்கிது!"

காலை ஆறரை மணிக்குக் குளியலறையிலிருந்து மருமகள் ஜான்சி போட்ட சத்தம் பட்டினப்பாக்கத்து அந்தக் குடியிருப்பின் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். மீன் வாங்கக் கடற்கரைக்குக் கிளம்பிய தேசம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஷவரை நிறுத்திய பிறகும் தண்ணீர் இறங்கவில்லை. சோப்பு நுரை படியைத் தாண்டிக் கூடத்துக்கு வரப் பார்த்தது.

"தெனமும் மீன் வித்துட்டு வந்து இங்கதான குளிக்கிறீங்க? செதுலெல்லாம் பைப்புக்குள்ள போயி அடச்சிக்கினு கீது! நான் கடைக்கு வேலைக்குப் போவணுமா, இல்ல இந்த நாத்தத்துலயே நிக்கணுமா?"

"கடல் தண்ணியிலயே கை கால அலசிட்டுத்தாம்மா வர்றேன்..."

"அப்ப இது இன்னா, வானத்துலேந்து வந்துச்சா?"

அதற்குள் கீழ்வீட்டு ஷகீலா மூச்சிரைக்க ஏறி வந்தாள். "தேசம்மாக்கா, எங்க வூட்டு பாத்ரூம்ல மேலேந்து சொட்டு சொட்டா ஒழுவுது! செவுரெல்லாம் ஊறிப்போச்சு!"

பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தான் ஜான்சன், தேசம்மாவின் ஒரே மகன். ஏ.சி. மெக்கானிக். "ரெண்டு பேரும் கெளம்புங்க. நான் ஆள கூட்டியாந்து பாத்துக்கிறேன்" என்றான்.

சாயங்காலம் தேசம்மா திரும்பியபோது தண்ணீர் வடிந்திருந்தது. ஜான்சன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஒரு குத்து செதுலு இருந்துச்சின்னு பிளம்பர் சொன்னாம்மா. இனிமே நீ இங்க குளிக்க வேணாம். மார்க்கெட்டாண்ட கார்ப்பரேசன் பாத்ரூம் கீதுல்ல... அங்கயே குளிச்சிட்டு வந்துடு."

அந்த வீட்டுக்காகக் குடிசை மாற்று வாரிய அலுவலகத்தில் எட்டு வருஷம் அலைந்தவள் தேசம்மா. வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் திறக்கவில்லை.

அடைத்தது செதில் இல்லை, முடி. அது அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் ஜான்சிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமானது. குழந்தை அழவே இல்லை. கீழ்ப்பாக்கம் கல்லறையில் சின்னப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்து ஜான்சிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் நான்கு இழை வந்தாலே கண்ணாடி முன்னால் நின்று குமுறிக் குமுறி அழுவாள் அந்தப் பெண். குளிக்கும்போது இன்னும் எவ்வளவு போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. கிழிந்த வலையில் உள்ளங்கை அளவு வெட்டி, தண்ணீர் போகும் துளையை மூடிய ஜாலிக்கு அடியில் சொருகி வைத்திருந்தாள் தேசம்மா. தினமும் மருமகள் குளித்து வந்ததும் உள்ளே போய், வலையில் சேர்ந்த முடியை அள்ளி, காகிதத்தில் சுருட்டிக் கொண்டுபோய்க் கீழே குப்பையில் போடுவாள்.

அடைப்பு வருவதற்குப் பதினைந்து நாள் முன் ஜான்சன் அந்த வலையைப் பார்த்துவிட்டான். "குளிக்கிற எடத்துல கூடவா மீன் வலை!" என்று பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தான். வேறொன்று போடுகிறேன் என்றதற்குக் காது கொடுக்கவில்லை.

அழுக்கோடு சேர்ந்து வந்ததைப் பார்த்துப் பிளம்பர் செதிலென்று நினைத்திருப்பான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள் தேசம்மா. உண்மையைச் சொன்னால் ஜான்சி தாங்கமாட்டாள். பழி தன்னோடு போகட்டும்!

இருபத்திரண்டு நாள், மாற்றுப் புடவையும் சோப்பு டப்பாவுமாகக் கார்ப்பரேஷன் குளியலறை வரிசையில் நின்றாள். "இன்னா தேசம்மா, வூட்டுல ஷவர் கீதுன்னு பெருமையா சொல்லிக்கினு இருந்த?" என்று கூட மீன் விற்பவர்கள் கேட்டார்கள். "மோட்டார் ரிப்பேரு" என்று சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்தாலும் ஜான்சி மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்து வைப்பாள். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

இருபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தபோது ஷகீலா கதவைத் தட்டினாள். கூடவே பிளம்பர் முருகன்.

"மறுபடியும் ஒழுவுதுக்கா! இந்த வாட்டி நானே ஆள கூட்டியாந்துட்டேன்."

ஜான்சன் சட்டென்று எழுந்தான். "இன்னைக்கி வேணாம்... நாளைக்கி பாத்துக்கலாம்" என்று குறுக்கே வந்தான். ஷகீலா விடவில்லை.

முருகன் ஜாலியைக் கழற்றி, கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். முழ நீளத்துக்குக் கயிறு மாதிரி திரண்டு வந்தது... கருகருவென்று நீள முடி.

"அதே முடிதான். அண்ணங்கிட்ட போன வாட்டியே சொன்னேனே! ஜாலிக்கு அடியில சல்லடையோ வலையோ போடுங்க, தெனமும் முடிய அள்ளிப் போட்டுடுங்க, அடப்பே வராதுன்னு..."

"முடியா?" ஷகீலா ஜான்சனைத் திரும்பிப் பார்த்தாள். "செதுலுன்னு சொன்னியே தம்பி!"

அவன் தரையைப் பார்த்தான். ஜான்சியின் கை தானாகத் தன் தலைக்குப் போனது.

"எம் முடியா அத்த...? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. தெனமும் நான்தான அள்ளுனேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? அவ்ளோ பேசுனேனே... நாத்தம் புடிச்சவ மாதிரி ஒதுக்குனேனே! ஏன் அத்த சொல்லல?"

"புள்ளையும் போயி, முடியும் போவுதுன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

"அய்யோ... மாதாவே!" ஜான்சி அப்படியே மாமியாரின் தோளில் விழுந்தாள். குழந்தையை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. தேசம்மா அவள் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, "கொட்டுனது மொளைக்கும்... மொளைக்கும்டி" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். முருகனும் ஷகீலாவும் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

ஜான்சன் கிட்டே வந்தான். "நானும் அதுக்குத்தாம்மா சொல்லல... இவ மனசு ஒடஞ்சிடும்னு..."

"நீ ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாமே ஜான்சா. செதுலுன்னு ஏன் சொன்ன? இவளுக்காக நான் என்னையே குடுத்தேன். நீயும் என்னையேதானடா எடுத்துக் குடுத்த! ஒன்னோடது இன்னா குடுத்த?"

தேசம்மா நான்கு புடவையை மடித்துப் பையில் வைத்தாள். ஊரூர்க்குப்பத்தில் அவள் அக்கா வீடு இருந்தது.

"தப்பு பண்ணது நான். நீங்க ஏன் அத்த போறீங்க? இது உங்க வூடு!" ஜான்சி பையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்மேல கோவமில்லம்மா. நீ தெரியாம பேசுன. அவன் தெரிஞ்சி பேசுனான். அவன் மூஞ்சிய தெனமும் பாத்துக்கினு என்னால சோறு துன்ன முடியாது."

மூவரும் கீழே இறங்கி வந்தார்கள். பையை வாங்க ஜான்சன் கை நீட்டினான். தேசம்மா அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஜான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வர்றோம் அத்த."

"வர்றோம் இல்லம்மா." தேசம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். "வர்றேன்னு சொல்லு."

ஜான்சி புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வர்றேன் அத்த" என்றாள்.