மூடிய தடம் இல்லாத பள்ளம்

காலையில் யுவன் வெட்டிய பள்ளத்தைக் காணவில்லை.

ஆம்பல் செடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துக் கதவைத் திறந்த துளசிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. செவிலிமேட்டில் வீடு கட்டி, பின்னால் மீன் குளமும் கட்டி மூன்று மாதமாகிறது. ஆனால் சுற்றிலும் கறுப்பு ஒயர், நீல பைப், ஓரத்தில் டிரம் அளவுக்கு ஒரு பில்டர் பெட்டி. வருகிறவர்கள் மீனை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது என்று ஒரு வாரமாகப் புருஷன் யுவனை நச்சரித்தவள் அவள்தான். நேற்று சண்டையே வந்து, இருவரும் பேசாமல் படுத்தார்கள். விடிந்ததும் அவன் மண்வெட்டியை எடுத்தான். மதியம் அவள் வாலாஜாபாத் நர்சரிக்குக் கிளம்பியபோது இடுப்பளவு பள்ளத்துக்குள் நின்றிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது மாலை மணி ஆறரை. தூறல் விட்டு, ஈர மண்ணின் வாசனையோடு பாழுங்கிணற்று வாடை போன்ற ஒன்றும் கலந்து வந்தது. ஒயர் இல்லை. பெட்டி இல்லை. என்றைக்கோ ஊறத் தொடங்கிய ஊற்றைப்போலப் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கூழாங்கற்களின் மேல் பாசி திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது. ஒரு மத்தியானத்தில் படர்கிற பாசி அல்ல அது.

"ஏங்க."

வீட்டுக்குள் இல்லை. மாடியில் இல்லை. வண்டி வாசலில் நின்றது. குளத்தோரம் அவன் செருப்புகள் கிடந்தன. போன் போட்டாள்.

மணி அடித்தது. அவள் காலடியில், மண்ணுக்குள்.

துளசி மண்டியிட்டுக் காதைத் தரையில் வைத்தாள். மோட்டாரின் ரீங்காரத்துக்கு அடியில் அந்த மணி அமுங்கி அமுங்கிக் கேட்டது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். வீடு இருண்டது. தண்ணீர் நிற்கவில்லை.

"வடிவாம்பாக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. கடப்பாரையை எடுத்துக் கற்களை நெம்பினாள். இன்று மூடிய மண் இவ்வளவு இறுகியிருக்குமா? நகம் பிய்ந்தது. கையாலேயே தோண்டினாள். முழங்கால் ஆழத்தில் ஒயர் தட்டுப்பட்டது. கரண்ட் இல்லை, ஆனாலும் சூடாக இருந்தது, உடம்புச் சூடு. பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. பிறகு உள்ளேயிருந்து ஏதோ அதைத் திருப்பி இழுத்தது.

அவள் விடவில்லை. குப்புற விழுந்து கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். விரல்கள். பைப் பசை காய்ந்து சொரசொரத்த நகங்கள். அவன் கைதான்.

"துளசி." மண்ணின் அடியிலிருந்து வந்தது குரல். "கைய எடு. போயிடு."

"ஒயரும் வேணாம், கொளமும் வேணாம். எல்லாம் வெளியவே கெடக்கட்டும்ங்க. நீங்க வந்துடுங்க. நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நல்லா மறைக்கணும்னுதான் தோண்டிக்கினே இருந்தேம்மா. அடியில இருந்தும் ஏதோ தோண்டிக்கினு வந்துச்சு. கைய எடு, அது உன்னியும்..."

குரல் நின்றது. விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. அத்தனை விரல்கள் அவனுக்குக் கிடையாது.

இழுத்தது. அவளுக்கு அடியில் பள்ளம் சரிந்து, கால்கள் உள்ளே இறங்கின. இடுப்பு உள்ளே போனது. கூழாங்கற்கள் தாமாக உருண்டு வந்து மார்பைச் சுற்றி அடுக்கிக்கொண்டன. ஒன்றன்மேல் ஒன்றாக. அழகாக.

டார்ச் வெளிச்சம் சுவருக்கு மேல் வந்தது.

"துளசி? உங்க ஊட்ல மட்டும் கரண்ட் இல்லியாம்மா?"

வடிவாம்பாள். நாலு முழ தூரம். வெளிச்சம் நேராகத் துளசியின் முகத்தில் விழுந்தது, நகர்ந்தது. துளசி உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள். வாயிலிருந்து தண்ணீர்தான் வழிந்தது.

"யாரும் இல்ல போலக்குது." அவள் மறுபடியும் டார்ச்சைச் சுழற்றினாள். "அடேங்கப்பா, இன்னா அம்சமா பண்ணிக்கிறாங்க."

குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். அதன் திரை துளசிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதில் வடிவாம்பாள் சிரித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் பாறை. பாசி. கூழாங்கல். துளசியின் முகம் எங்கும் இல்லை. தண்ணீர் வழிகிற இடங்கள் இப்போது இரண்டு.