தளர்ந்த செயின்

காரின் சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் கடகடத்துவிட்டுத் தானாக அடங்கிவிடும் அந்தச் சத்தம், அன்று மாலை மலைப்பாதையின் முதல் வளைவைத் தாண்டியும் அடங்கவில்லை. தகர டப்பாவுக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவதுபோல பானட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த டீச்சர் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மெக்கானிக் என்னதான்க்கா சொன்னாரு?" பக்கத்தில் இருந்த தங்கை கேட்டாள்.

"உள்ள ஓடுற செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தளந்துபோச்சாம். பழைய வண்டி, அறுந்து தொலைக்கறதுக்குள்ள மாத்திடுங்கன்னாரு. லீவுல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்ட போ. வெள்ளம் வந்தப்புறம் அணை கட்டு."

மூடுபனி இறங்கிச் சாலையின் வெள்ளைக் கோட்டைக் கரைத்தது. காலடியிலிருந்து தீய்ந்த எண்ணெய் வாசம் ஏறி, தொண்டையில் ஒட்டிக்கொண்டது. சத்தம் வேகமெடுத்தது. பிறகு 'டக்'கென்று ஏதோ அறுந்தது.

என்ஜின் செத்தது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஓரத்து மண் திடலில் வண்டியை நிறுத்தினாள். மறுபடி சாவியைத் திருப்பினால் மோட்டார் வெறுமனே சுழன்றது, பிடிக்க ஒன்றுமில்லாததுபோல.

"இங்க டவர் இல்ல. கொஞ்சம் முன்னாடி போய்ப் பாக்கறேன். நீ எறங்காத."

சொல்லிக்கொண்டே தங்கை போனோடு இறங்கினாள். நாலு எட்டு வைப்பதற்குள் பனி அவளை விழுங்கியது. சரளைமேல் செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். அப்புறம் அதுவும் இல்லை.

டீச்சர் கண்ணாடியை இறக்கித் தங்கையைக் கூப்பிட்டாள்.

ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம். மிக அருகில். அப்பாடா, ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

காற்று வீசியது. பனி விலகியது.

திடல் முழுக்க வண்டிகள். வரிசை வரிசையாக. எல்லாமே பழசு. எல்லாவற்றிலும் பானட் திறந்து நின்றது. சக்கரங்களுக்குள் புல் முளைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். நேரே பார்த்தபடி. அசைவில்லை.

பக்கத்து வண்டியில் தங்கை. இரு கைகளும் ஸ்டியரிங்மேல். இமைக்கவில்லை.

கதவைத் திறக்கப் போனாள் டீச்சர். கை வரவில்லை. ஸ்டியரிங்கை விட்டு விரல்கள் பிரியவில்லை.

எதிரே அவளுடைய வண்டியின் பானட், யாரும் தொடாமலே, மெல்ல மெல்ல எழுந்து, முன்கண்ணாடியில் மிச்சமிருந்த வெளிச்சத்தை மறைத்தது.