காரின் நெற்றி எங்கே?

என் அப்பா காரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிவிடும்.

அச்சுவேலிச் சந்திக்குப் பக்கத்தில் அவருக்கு மோட்டார் உதிரிப்பாகக் கடை இருக்கிறது. கடை வாசலில் உள்ள குறுகிய ஒழுங்கையால் ஒரு கார் போனால், திரும்பிப் பார்க்காமலே சத்தத்தை வைத்து அது என்ன கார் என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பிடித்தது வேகக் கார்கள்தான்.

“கார் எண்டால் கையாலை கியர் மாத்தி ஓடவேணும் கஜானி. ரேர்போ எஞ்சின் இழுக்கேக்கை முதுகு சீற்றோடை ஒட்டவேணும். அதுதான் கார்!”

“எங்கடை ஒழுங்கையிலை எவ்வளவு வேகத்திலை ஓடலாம் அப்பா?”

“மாடு நிக்காட்டி இருபதிலை,” என்றவர், தான் சொன்னதைக் கேட்டுத் தானே சிரித்தார்.

அப்படிப்பட்டவர் வாங்கியது ஒரு சாதுவான வெள்ளைக் கார். அதுவும் அம்மாவுக்காக.

அம்மா மானிப்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. பஸ் மாறி மாறித்தான் போய்வருவார். அவர் வீட்டுக்கு வரும்போது நான் பாதி நித்திரையில் இருப்பேன். லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார், ஆனால் கார் ஓடப் பயம். ஒருமுறை அப்பாவின் பழைய காரைக் கொண்டுபோய் எங்கள் மதிலோடு முட்டியவர். மதில் இன்னும் கொஞ்சம் சரிந்துதான் நிற்கிறது.

இந்தக் கார் ஓட்டுபவருக்கு உதவி செய்யும். முன்னால் ஏதாவது வந்தால் கத்தும். நாம் கவனிக்காவிட்டால் தானே பிரேக் பிடிக்கும். ஜப்பானில் பாவித்த கார் என்பதால், சொல்வதை எல்லாம் ஒரு பெண்குரல் ஜப்பான் மொழியில்தான் சொல்லும்.

அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“உது காரே? நாலு சில்லு வைச்ச ரீச்சர்! றோட்டிலை போட்ட கோட்டை விட்டு விலகினால் கத்துமாம். எங்கடை ஒழுங்கையிலை கோடு எங்கை கிடக்கு? மாட்டைக் கண்டால் நிக்குமாம்.”

“மாட்டைக் கண்டால் நிக்கத்தானே வேணும்?” என்றார் அம்மா.

 அப்பா விடுவாரா?

“என்ன இருந்தாலும் ஓடுற ஆளின்ரை கண்தான் கண். மெஷினை நம்பிக் கண்ணை மூட ஏலாது.”

பிடிக்காவிட்டால் ஒரு கிழமைக்குள் வேறு கார் மாற்றித் தருவதாகக் கார் விற்றவர் சொல்லியிருந்தார். அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு வேகக் கார் நின்றது. அதை அப்பா பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பிள்ளையார் கோயிலில் வெள்ளைக் காருக்குப் பூசை. ஐயர் பொனற்றில் திருநீறு பூசி, மாலை போட்டு, ரயர்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். அம்மாவின் அக்கா கமலாவதிப் பெரியம்மாவுக்கு அது போதவில்லை.

“கண்ணூறு பட்டிடும்,” என்று சொல்லி, முன் கண்ணாடியின் மேல் பக்கத்தில், சரியாக நடுவில், வடை அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமமும் அப்பினார். “இதுதான் காரின்ரை நெத்தி!”

பூசை முடிந்ததும் அம்மா மெதுவாகச் சொன்னார், “வீட்டை நான் ஓடிக்கொண்டு போறன்.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. பின் சீற்றில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தேன். தேசிக்காய்கள் சளக்கென்று நசுங்கின. கார் கோயில் வாசலைத் தாண்டவில்லை.

டிங்! டிங்! டிங்!

செம்மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஜப்பான் பெண் ஏதோ நீளமாகச் சொன்னாள். அம்மா காரை நிறுத்தி, திரும்பவும் எடுத்தார். திரும்பவும் டிங்! டிங்!

“எனக்கு உது சரிவராதப்பா. நான் பஸ்ஸிலையே போறன்,” என்று இறங்கி, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பா முகத்தைக் கவலையாக வைத்திருக்கப் பார்த்தார். அவரால் முடியவில்லை.

“நான் அப்பவே சொன்னனான். காரிலை பூட்டின சாமான் கூடக்கூட, பழுதும் கூடும்,” என்றபடி கைபேசியை எடுத்தார். “அண்ணை, உந்தச் சிவப்புக் கார் நிக்குதோ? ஓமோ? பின்னேரம் வாறன்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சிவப்புக் கார் வந்தால் அம்மா அதைத் தொடவே மாட்டார். பிறகு என்ன, அதே பஸ்தான், அதே பாதி நித்திரைதான்.

நான் போய் முன் சீற்றில் இருந்துகொண்டு யோசித்தேன். நேற்று நன்றாக ஓடிய கார் இது. நேற்றைக்குப் பிறகு இதற்கு என்ன நடந்தது? பூசை மட்டும்தான். மாலையா? அது பொனற்றில் கிடக்கிறது. தேசிக்காயா? அது சம்பலாகிவிட்டது.

அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியோடு ஒட்டினாற்போல் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு சின்ன வட்டக் கமரா. அதற்கு நேர் முன்னால், வெளியே, பெரியம்மாவின் வடை!

“அப்பா! கார் பழுதில்லை. அதுக்குக் கண் தெரியேல்லை!”

நான் பொட்டைத் துடைக்கக் கைலேஞ்சியோடு பாய்ந்து இறங்க, பெரியம்மா குறுக்கே வந்துவிட்டார்.

“ஐயையோ, கோயில்லை வைச்ச பொட்டை அழிக்கிறதே!”

“பெரியம்மா, நீங்கள் பொட்டு எங்கை வைக்கிறனீங்கள்?”

“நெத்தியிலை.”

“கண்ணுக்குள்ளை வைச்சால்?”

“எரியுமடி பிள்ளை.”

“காருக்கும் எரியுது. அதுதான் கத்துது.”

பெரியம்மா கமராவைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாவம், வாயில்லாத சீவன்!”

“வாய் இருக்கு. தமிழ்தான் தெரியாது,” என்றார் அப்பா.

பெரியம்மாவே தண்ணீர் தொட்டுப் பொட்டைத் துடைத்தார். மிச்சச் சந்தனத்தை நான் பொனற்றின் நடுவில் அழகாக வைத்துவிட்டேன். அம்மா திரும்பவும் எஞ்சினைத் தொடக்கினார். விளக்கு எரியவில்லை. அப்பா தலையைச் சொறிந்தார்.

“நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்,” என்றார் அம்மா.

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். நாங்கள் பின்னால். கார் ஒழுங்கையில் மெல்ல உருண்டது. எங்கள் பக்கத்தில் வேலியில் இருக்கும் ஓட்டையையும் பொட்டு என்றுதான் சொல்வோம். அப்படி ஒரு வேலிப் பொட்டுக்குள்ளால் திடீரென்று ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது.

கார் நின்றது. குட்டி எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது.

“பாத்தீங்களே, கார் தானே நிண்டிட்டுது!” என்றேன்.

“இல்லைப் பிள்ளை.” அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “கார் கத்தவே இல்லை. அதுக்கு முதல் கொம்மா பிரேக் பிடிச்சிட்டா.”

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கில்தான் இருந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை.

“இப்பிடிக் கண் இருக்கிற ஆள் ஏன் பயப்பிடுறீர்? நீர் களைச்சுப்போய் வாற நேரம் உந்த ரீச்சரும் சேர்ந்து பாக்கட்டும்,” என்றார் அப்பா.

பிறகு பெருமூச்சு ஒன்று விட்டு, பெல்ற்றைக் கழற்றி, இடுப்பில் இருந்த கைபேசியை எடுத்தார். “அண்ணை, சிவப்புக் காரை வேறை ஆருக்கும் குடுங்கோ.” வைக்கும்போது, “நல்ல ஆளாப் பாத்துக் குடுங்கோ,” என்றார். அம்மா காரைத் திரும்பவும் எடுத்தார்.

டிங்! டிங்!

“இப்ப என்னவாம்?”

“நீங்கள் பெல்ற் போடேல்லை,” என்று நானும் பெரியம்மாவும் ஒன்றாகக் கத்தினோம். அப்பா முணுமுணுத்துக்கொண்டு பெல்ற்றைப் போட்டார்.

சரிந்த மதிலைத் தொடாமல் அம்மா காரை வீட்டுக்குள் விட்டார். எஞ்சினை நிறுத்தியதும் ஜப்பான் பெண் மென்மையாக ஏதோ சொன்னாள்.

“ஓம் ஓம், நன்றி,” என்றார் அம்மா.

“என்ன சொன்னது எண்டு விளங்கினதோ?” என்று கேட்டார் அப்பா.

“விளங்கேல்லை,” என்று அம்மா சாவியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “நல்லா ஓடினனான் எண்டுதான் சொல்லியிருக்கும்.”